பாப்பாவைப் பழக்கிய பெரியோர்க்கு ஒரு வாழ்த்துமடல்

எங்கள் மத்தூர்ப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் மொய் எழுதுகிறவருக்கு ஒரு மேசை உண்டு. தாம்பூலப் பை கொடுக்கிறவருக்கு ஒரு மேசை உண்டு. பன்னீர்ச் சொம்புக்கும் கற்கண்டுத் தட்டுக்கும்கூட வாசலில் இடம் உண்டு. சமையல்காரருக்கு மேடையேற்றிச் சால்வை போடுகிறார்கள். ஆனால் வரவேற்பு நாளில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் முன்னால் பூத்தூவிக்கொண்டு நடக்கிற நான்கு வயதுப் பாப்பாவை அந்த வேலைக்குத் தயார் செய்த பெரியவர்களுக்கு மைக்கில் ஒரு வார்த்தை நன்றி சொல்வாரில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த மடல்.

வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரிக்கும் ஊத்தங்கரைக்கும் நடுவில், திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிறது மத்தூர். சுற்றிலும் மாந்தோப்பு, கொஞ்சம் தள்ளிப் போனால் போச்சம்பள்ளி சிப்காட். முன்பு இங்கே மாப்பிள்ளை அழைப்பு என்றால் பம்பை, நாதஸ்வரம், பெட்ரோமாக்ஸ் விளக்கு, அவ்வளவுதான். கம்பெனி பஸ்கள் ஓசூருக்கும் அதற்கு அப்பாலும் ஆள் ஏற்றிப்போகத் தொடங்கிய பிறகு, திரும்பி வரும்போது பெங்களூர்ப் பழக்கங்களையும் ஏற்றிக்கொண்டு வந்தன. இப்போது பெண் மேடைக்கு வரும்போது புகை வர வேண்டும், இரண்டு பக்கமும் பொறி பறக்க வேண்டும், முன்னால் வெள்ளை ஃப்ராக்கில் ஒரு ஃப்ளவர் கேர்ள் ரோஜா இதழ் தூவிக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணம் செல்லாது.

மாவட்டத்துக்கே இது புதிது என்று சொல்ல மாட்டேன். எலத்தகிரி, கந்திகுப்பம் மாதிரியான பழைய கத்தோலிக்க ஊர்களில் மணப்பெண்ணுக்கு முன்னால் பூக்கூடையோடு ஒரு சிறுமி நடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அதில் பெரியவர்களின் திறமை என்று சொல்ல என்ன இருக்கிறது? அந்தக் குழந்தை ஞாயிறுதோறும் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த கோவில் அது. நடுப்பாதை எங்கே முடியும், சாமியார் எங்கே நிற்பார், பாட்டு எப்போது தொடங்கும் என்று அதற்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்த இடத்தில் ஒரு குழந்தையை நடக்கவைக்க யாராலும் முடியும். அன்று சாயங்காலம் வரை கண்ணால்கூடப் பார்த்திராத மண்டபத்தில், எண்ணூறு பேர் நடுவே, கண் கூசும் வெளிச்சத்தில் நடக்கவைப்பதுதான் சாதனை. அதைத்தான் எங்கள் பெரியவர்கள் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் செய்துகாட்டுகிறார்கள்.

அவர்களுடைய முதல் திறமை ரகசியம் காப்பது. போன வைகாசியில், மாங்காய் லாரிகள் கூழ்த் தொழிற்சாலைகளுக்கு வரிசைகட்டிப் போய்க்கொண்டிருந்த சமயம், நான் பார்த்த ஒரு வரவேற்பையே சொல்கிறேன். பந்தல்காரருக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லியாகிவிட்டது. புகை மிஷின்காரருக்கு ஒரு மாதம் முன்பே அட்வான்ஸ். நாய்க்குட்டியைக்கூடப் பக்கத்து வீட்டில் விட ஏற்பாடு ஆகிவிட்டது. பாப்பாவிடம் மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "முன்னாடியே சொன்னா பயந்துக்குவா. அங்க கொண்டுபோய் நிறுத்திட்டா தானா நடந்துடுவா," என்றார் பெண்ணின் பெரியம்மா. எத்தனை ஆழமான மனோதத்துவம்! கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்குகிற பழைய முறை இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நம் தாத்தாக்கள் கோழைகள். பையனைக் கிணற்றில் தள்ளுமுன் இடுப்பில் கயிறு கட்டுவார்கள். மேலே ஒரு மாமா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்பார். பெரியம்மா கயிறு கியிறு என்று நேரத்தை வீணாக்குகிறவர் இல்லை.

பாப்பாவின் அப்பா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். புது மிஷின் வந்து இறங்கினால் வெறுமனே ஒருமுறை, சரக்கோடு ஒருமுறை, வேகத்தைக் கூட்டி ஒருமுறை என்று ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் லைனை நிறுத்திவிடுவார் என்று சக ஊழியர்கள் பெருமையாகச் சொல்வார்கள். வேலைக்கெடுபிடியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். ஆகவே மகளை அந்த நடைபாதையில் ஒரு தடவைகூட ட்ரையல் பார்க்கவில்லை.

அடுத்தது ஃப்ராக். பெங்களூரில் தைத்தது. உள்ளே கேன்கேன் வலை மூன்று அடுக்கு; மேலே முத்தும் சமிக்கியும். கை வைத்தால் எனக்கே குத்தியது. குழந்தை அதை மதியம் மூன்று மணிக்குப் போட்டுக்கொண்டது, ஏனென்றால் மேக்கப் போடுகிற அக்காவுக்கு நான்கு மணிக்கு பர்கூரில் வேறு முகூர்த்தம். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வந்தது இரவு எட்டேகால். இடைப்பட்ட நேரம் முழுக்க, உட்கார்ந்தால் ஃப்ராக் மடியும் என்பதால் பாப்பா நின்றது. சாய்ந்தால் முடி கலையும் என்பதால் நிமிர்ந்து நின்றது. நான்கு வயதில் இப்படி ஒரு ஒழுக்கம் பட்டாளத்தில்கூட வராது.

அந்த அலங்காரத்தைப் பார்த்து வியக்க எனக்கு ஊர்ப் பாத்தியதையும் உண்டு. இது தகடூர் அதியமானின் மண். அவனுக்காகக் காஞ்சித் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அங்கே ஆயுதச்சாலையைச் சுற்றிப்பார்த்துவிட்டு, பீலி கட்டி மாலை சூட்டி நெய் பூசிக் காவலோடு வைத்திருந்த வேல்களின் அழகை மெச்சினார். எங்கள் அரசனின் வேல்களோ முனை ஒடிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று குறைப்பட்டுக்கொண்டார். தொண்டைமானுக்குப் புரிந்துவிட்டது என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். நான் மண்டபத்தில், "பாப்பா பொம்மையாட்டம் அப்படியே நிக்குதுங்க" என்று பெரியம்மாவிடம் சொன்னேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். எனக்கு ஒரு டம்ளர் ரோஸ்மில்க் கொடுக்கச் சொன்னார்.

பூவை அவர்கள் பார்த்துக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். ராயக்கோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் விடிவதற்கு முன் பறித்த பூ. இதழ் உதிர்த்து, ஈரத்துணி போட்டு, ஏசி அறையில் வைத்திருந்தார்கள். வாடக் கூடாதென்று ஒரு பையன் அடிக்கடி வந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போனான். அந்தத் தண்ணீரைப் பார்த்துப் பாப்பா தனக்கும் கேட்டது. "லிப்ஸ்டிக் போயிடும் கண்ணு, போட்டோ முடிஞ்சதும் குடிக்கலாம்" என்றார் சித்தி. அப்படியே குடித்தாலும் பாத்ரூம் போக வேண்டியிருக்கும். மூன்றடுக்கு வலையை யார் கழற்றுவது? எதையும் ஒரு படி முன்னால் யோசிக்கிறவர்கள்.

சாப்பாடும் அப்படியே. பாப்பா வழக்கமாக ஏழு மணிக்கு ரசஞ்சோறு சாப்பிட்டு எட்டு மணிக்குத் தூங்குகிற குழந்தை. அது தூங்குகிற நேரத்தையே நிகழ்ச்சியின் உச்சத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பசியும் தூக்கமும் சேர்ந்தால் கண்ணில் ஒரு மினுமினுப்பு வரும். படத்தில் அது நன்றாகவே விழும்.

எட்டேகால் மணிக்கு நடைபாதையின் முனையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அப்போதுதான் பயிற்சி வகுப்பு தொடங்கியது. எல்லையோர மாவட்டத்தில் பிறந்த குழந்தைக்குக் கிடைக்கிற கொடுப்பினை வேறெங்கே கிடைக்கும்? அம்மா தமிழில், "நட பாப்பா, நட" என்றார். அப்பா வழி அவ்வா தெலுங்கில், "மெல்லகா ரா தல்லி" என்றார். பெங்களூரிலிருந்து வந்த அத்தை கன்னடத்தில், "நிதானா பா புட்டா" என்றார். வீடியோக்காரர் ஆங்கிலத்தில், "பேபி, ஸ்மைல், லுக் ஹியர், த்ரோ, த்ரோ" என்றார். நட என்கிறவர் ஒருவர், மெல்ல வா என்கிறவர் இருவர், நின்று என்னைப் பார் என்கிறவர் ஒருவர். ஒரே சமயத்தில் நான்கு மொழியில் மூன்று கட்டளை. பாப்பா எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று செய்தது: நின்ற இடத்தில் நின்றது.

இந்த இடத்தில் புகை மிஷினைத் திறந்துவிட்டார்கள். உலர்பனிக்கட்டியைச் சுடுதண்ணீரில் போட்டு எடுக்கிற புகை அது. அதிலிருந்து வருகிற கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, அதனால் மேலே எழும்பாமல் தரையோடு தவழும். பெண்ணும் மாப்பிள்ளையும் மேகத்தின் மேல் நடப்பதுபோல் தெரிவதற்கு அதுதான் காரணம். பெரியவர்களுக்கு முழங்காலுக்குச் சற்று மேலே வருகிற மேகம் மூன்றடி உயரப் பாப்பாவுக்கு எதுவரை வரும் என்று கணக்குப் போடத் தெரியாதவர்கள் இல்லை எங்கள் ஆட்கள். மூக்கு வரை வந்தால்தான் தேவதை மாதிரி இருக்கும். கூடவே ஸ்பீக்கர். குழந்தையின் காதுக்கு நேராக, குழந்தையின் உயரத்திலேயே, நடைபாதையின் இரண்டு பக்கமும். டிஜே பையன் பாட்டைத் திறந்ததும் என் நெஞ்சுக்கூட்டில் இடித்தது. பாப்பாவின் நெஞ்சுக்கூடு இன்னும் சிறியது, எனவே இடி அதிகம் தங்காது என்று நினைத்திருப்பார்கள்.

புரியாத இடத்தில் சிறு குழந்தை முதலில் தேடுவது அம்மாவின் முகத்தை. 1985இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு மேசை, மேலே கண்ணாடி. பாதி தூரத்துக்கு அப்பால் தரை கீழே இறங்குவதுபோல் தெரியும். உண்மையில் கண்ணாடி தாங்கும். ஒரு வயதுக் குழந்தைகளைத் தவழவிட்டு, எதிர்ப்பக்கம் அம்மாவை நிறுத்தினார்கள். அம்மா சிரித்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 தைரியமாகக் கடந்து வந்தன. அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. பள்ளம் ஒன்றுதான், முகம்தான் வேறு. இந்த ஆய்வை எங்கள் ஊரில் செய்திருந்தால் மூன்றாவது முடிவு ஒன்று கிடைத்திருக்கும். நடைபாதையின் மறுமுனையில் பாப்பாவின் அம்மா இருந்தார். முகம் இருந்த இடத்தில் செல்போன் இருந்தது. சித்தி இருந்தார், அவர் முகத்திலும் செல்போன். அப்பா இருந்தார், அவரிடம் இரண்டு செல்போன். பாப்பா வரிசையாகப் பார்த்தது. இத்தனை கண்ணாடி முகங்களில் எதைப் பார்த்துத் தைரியம் கொள்வது என்று தேர்ந்தெடுக்கும் முழுச் சுதந்திரம் அதற்கு வழங்கப்பட்டிருந்தது.

பிறகு அது அழுதது. அழுததும் எங்கள் பெரியவர்களின் உண்மையான கைத்திறம் வெளிப்பட்டது. கிண்டர்ஜாய் வாங்கித் தருகிறேன் என்றார் மாமா. வாங்கித் தரமாட்டேன் என்றார் அப்பா. போலீஸ்காரரிடம் பிடித்துக்கொடுப்பேன் என்றார் பெரியப்பா. அவரே ஓய்வுபெற்ற போலீஸ்காரர், ஆகையால் சொல்லுக்கு ஒரு கனம் இருந்தது. "அங்க பாரு, அந்த அக்கா அழறாளா?" என்று ஒரு ஏழு வயதுச் சிறுமியைச் சுட்டிக்காட்டினார் சித்தி. அந்தச் சிறுமி போன வருஷம் வேறொரு கல்யாணத்தில் இதே இடத்தில் நின்று இதைவிட அதிகமாக அழுதவள். அதைச் சித்தி பெருந்தன்மையோடு மறந்திருந்தார்.

வீடியோக்காரர் ரீடேக் கேட்டார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாசல்வரை பின்னால் அனுப்பினார்கள். கீழே விழுந்த இதழ்களைக் கூட்டி அள்ளிக் கூடையில் போட்டார்கள். அழுத மையைத் துடைத்துப் புது மை தீட்டினார்கள். மூன்றாவது தடவையில் யாரோ ஒரு அத்தை குனிந்து, கேமராவில் படாதபடி முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே போனார். பாப்பா முன்னேறியது. கைதட்டல் பலமாக இருந்தது. "பாத்தீங்களா? முதல்ல அடம்புடிச்சா, அப்புறம் தானா நடந்துட்டா," என்று பெரியம்மா பூரித்தார். அதற்குப் பிறகும் குழந்தையை விடவில்லை. சொந்தக்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாக மேடையேறிப் படம் எடுக்க, ஒவ்வொரு படத்திலும் முன்வரிசையில் பாப்பா. பதினொன்றரை மணிக்கு அது நாற்காலி இடுக்கில், கிரீடத்தோடு தூங்கியது.

சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சினிமாக்காரர்களை நினைத்து அவர் பரிதாபப்பட்டார். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது, 2016இல் திருத்தினார்கள். அதையொட்டி 2017இல் வந்த விதிகள் நடிக்கிற குழந்தைகளுக்காகச் சில தொல்லைகளை வைத்திருக்கின்றன. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு கொடுக்காமல் 3 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக் கூடாது. மாவட்ட ஆட்சியரிடம் முன்னதாக அனுமதி வாங்க வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கியில் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்கவைக்கவே கூடாது. கோடம்பாக்கத்தில் தயாரிப்பாளர் இத்தனைக்கும் கட்டுப்பட வேண்டும். மத்தூர் மண்டபத்தில் சொந்தப் பெரியம்மாவுக்கு இந்தத் தளையெல்லாம் இல்லை. பாசம் இருக்கிற இடத்தில் விதிக்கு என்ன வேலை? மூன்று மணியிலிருந்து பதினொன்றரை வரை எத்தனை மணி நேரம் என்று நண்பர் விரல்விட்டு எண்ணப்போனார். கல்யாண வீட்டில் எண்ணக் கூடாது என்று தடுத்துவிட்டேன்.

படித்தவர்கள் இதையெல்லாம் வேண்டாத அளவுக்குச் சிக்கலாக்குவார்கள். நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்று ஒரு மருத்துவத் தம்பதி 1956இல் தொடங்கிப் பல்லாண்டு குழந்தைகளைக் கவனித்து, பிறவியிலேயே அவர்கள் சுபாவம் வேறுவேறு என்று எழுதிவைத்தார்கள். புது இடத்தில் உடனே ஒட்டிக்கொள்கிற குழந்தை உண்டு. நூற்றுக்குப் பதினைந்து பேர் போல, ஓரமாக நின்று பார்த்து, மெதுவாகத்தான் பழகுவார்கள். அவசரப்படுத்தினால் இன்னும் பின்வாங்குவார்கள், விட்டுவிட்டால் தாமாக வருவார்கள் என்பது அவர்கள் கண்டது. அதற்கு எத்தனை வருஷம், எத்தனை காகிதம்! எங்கள் பக்கத்தில் இதற்கு ஆராய்ச்சியே தேவைப்படவில்லை. நடக்கிற குழந்தை "சமத்து". நிற்கிற குழந்தை "அடம்". முடிந்தது.

அரண்மனைக்காரர்களும் நம்மிடம் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள்தான். 2011 ஏப்ரல் 29இல் லண்டனில் இளவரசர் வில்லியமின் கல்யாணம். அரண்மனை மாடத்தில் உலகமே எதிர்பார்த்த முத்தம். கூடவே நின்ற 3 வயதுப் பூச்சிறுமி, கூட்டத்தின் இரைச்சல் தாங்காமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். மறுநாள் பத்திரிகைகள் அந்த முகத்தைத்தான் கொண்டாடின. எங்கள் ஊராக இருந்தால் பெரியப்பா ஒரு அதட்டில் கையைக் கீழே இறக்கவைத்திருப்பார். 2018இல் இளவரசர் ஹாரியின் கல்யாணத்துக்கு முன்னால் பூச்சிறுமிகளின் ஃப்ராக் பற்றிப் பெரிய மனஸ்தாபம் வந்து, இரண்டு மருமகள்களில் யார் யாரை அழவைத்தார் என்பது 2021இல் ஓப்ரா வின்ஃப்ரேயின் பேட்டிவரை போனது. குழந்தைகளின் ஃப்ராக்குக்காகப் பெரியவர்கள் அழுகிற வழக்கம் நம்மிடம் இல்லை. அந்தப் பொறுப்பைக் குழந்தைகளே ஏற்றுக்கொள்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு சாயங்காலத்துச் சாமர்த்தியம். இதன் தொலைநோக்கு இன்னும் பெரியது. வேண்டாம் என்று தலையாட்டினால் யாரும் பார்க்கமாட்டார்கள், அழுதால் மை துடைத்து மறுபடி நிறுத்துவார்கள், கடைசியில் முதுகில் ஒரு கை தள்ளும், தள்ளியதும் எல்லாரும் கைதட்டுவார்கள் என்பதை ஒரு பெண்குழந்தை நான்கு வயதிலேயே தெரிந்துகொண்டால் பின்னால் எத்தனை சௌகரியம்! எங்கள் மாவட்டத்தில் அந்தப் பாடம் வீண்போகாது. பெண்ணுக்கு 18 வயது நிறைய வேண்டும் என்று 2006ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. மலையோரக் கிராமங்களில் அந்தச் சட்டத்துக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2025 மார்ச்சில் அஞ்செட்டி மலைப்பகுதியில், தனக்குச் செய்துவைத்த கல்யாணம் பிடிக்கவில்லை என்று தாய்வீட்டுக்குத் திரும்பிய 14 வயதுச் சிறுமியை, அவள் கதறக் கதறத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் சரியாகப் பழக்கப்படாதவள் என்றுதான் சொல்ல வேண்டும். நான்கு வயதில் யாரோ அவளுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது; இல்லாவிட்டால் அத்தனை சத்தமாக வேண்டாம் என்று கத்தியிருப்பாளா? அங்கேயும் யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். அந்தப் படம் பரவியதால்தான் போலீஸ் வந்தது, தூக்கியவர்கள் கைதானார்கள். குழந்தை அழும்போது எடுத்த வீடியோ உருப்படியாகப் பயன்பட்டதற்கு எனக்குத் தெரிந்து எங்கள் மாவட்டத்தில் அந்த ஓர் உதாரணம்தான்.

எத்தனை நல்ல குடும்பமானாலும் ஒரு கரும்புள்ளி இருக்கத்தான் செய்கிறது. ஆவணியில் நடந்த இன்னொரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டு அவ்வா ஒருவர் செய்த அநியாயத்தையும் பதிவுசெய்யாவிட்டால் இந்த மடல் நடுநிலை தவறியதாகிவிடும்.

இந்த அவ்வா ஒரு வாரத்துக்கு முன்பே குழந்தையிடம் விஷயத்தை உடைத்துவிட்டார். ரகசியம் என்பதே இல்லை. வீட்டு வாசலிலிருந்து துளசிமாடம்வரை ஒரு மூங்கில் கூடையில் நந்தியாவட்டைப் பூவைக் கொடுத்து, அடிக்கு ஒரு பூ போடு என்று விளையாட்டு மாதிரி நடக்கவிட்டார். ஒரு நாள் குழந்தை போட்டது, மறுநாள் போடவில்லை, அதற்கடுத்த நாள் பூவை ஆட்டுக்குட்டிக்கு ஊட்டியது. இவர் எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட கண்டிப்பில்லாத ஆளிடம் பொறுப்பைக் கொடுத்தது மாப்பிள்ளை வீட்டாரின் தவறு.

கல்யாணத்தன்று மதியம், மண்டபம் காலியாக இருக்கும்போது குழந்தையைக் கூட்டிப்போனார். நடைபாதையில் இரண்டு பேரும் கைகோத்து நடந்தார்கள். எத்தனை விளக்கு என்று எண்ணினார்கள். புகை மிஷின்காரரிடம், "ஒரு தடவ போட்டுக் காட்டுப்பா, புள்ள பாக்கட்டும்" என்று கேட்டு, அது எங்கிருந்து வருகிறது என்று காட்டினார். குழந்தை இரண்டு முறை தும்மியது. உடனே, "இவ போறப்ப இத நிறுத்திக்க, பின்னால பொண்ணு வர்றப்ப விட்டுக்க" என்று தொழில்நுட்பத்திலேயே கைவைத்தார். டிஜேவிடமும் போய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். அந்தப் பையன் மறுத்தபோது, அவன் தாத்தா யார், எந்த ஊர், போச்சம்பள்ளிச் சந்தையில் எந்த மூலையில் வெங்காயக் கடை போட்டிருந்தார் என்று விசாரிக்கத் தொடங்கினார். பையன் குறைத்துவிட்டான்.

ஆறரை மணிக்குப் பழைய பாவாடையிலேயே உட்காரவைத்துத் தயிர்சோறு ஊட்டினார். ஃப்ராக்கைக் கடைசியாக, உள்ளே பருத்திப் பாவாடை ஒன்றைத் தைத்துப் போட்டுவிட்டார். கேன்கேனின் எழுச்சியே போய்விட்டது. குழந்தையின் அம்மாவிடம், "நீ மொத வரிசையில உக்காரு. கையில போன் வச்சுக்காத. உன் மூஞ்சிதான் அவளுக்கு வேணும்" என்று உத்தரவு போட்டார். போச்சம்பள்ளியில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்திருந்த அந்தப் பெண், மகளின் வாழ்நாள் காட்சியைப் படமெடுக்க முடியாமல் வெறுங்கையோடு உட்கார்ந்து, வெறுமனே சிரித்துக்கொண்டிருந்தார். எட்டு வயது அக்கா ஒருத்தியைத் துணைக்குக் கூட நடக்கவிட்டார். இவ்வளவும் செய்துவிட்டு, எல்லாவற்றையும் கெடுக்கிற அந்த ஒரு வார்த்தையையும் கடைசி நிமிஷத்தில் சொன்னார்: "போறியா கண்ணு? வேணாம்னா வேணாம். எம் மடியில உக்காந்துக்க."

கேள்வியை ஒரு தடவை குழந்தையின் காதில் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதற்கப்புறம் நடந்ததே சாட்சி. குழந்தை போகிறேன் என்றது. பாதி தூரம் அழகாக நடந்தது. நடுவழியில் என்ன தோன்றியதோ, கூடையை அப்படியே கவிழ்த்து மொத்தப் பூவையும் ஒரே இடத்தில் கொட்டியது. பிறகு குந்தி உட்கார்ந்து, நல்ல பூவாகப் பார்த்துப் பொறுக்கி மறுபடி கூடையில் போட்டது. பின்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் நின்றுவிட்டார்கள். பெண்ணும் பட்டுச் சேலையோடு குனிந்து இரண்டு பூ பொறுக்கிக் கொடுத்தாள். கூட்டம் சிரித்தது. குழந்தையும் சிரித்தது. வேலை முடிந்தது என்று அதற்குத் தோன்றியவுடன் கூடையோடு அவ்வாவிடம் போய் மடியில் ஏறிக்கொண்டது. மேடைவரை போகவே இல்லை. குடும்பப் படங்கள் எதிலும் இல்லை. எட்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீடியோக்காரருக்கு மனசு ஆறவில்லை. நடை முழுமையாக இல்லை, முகம் கேமராவைப் பார்க்கவில்லை, துணைக்கு வந்த அக்கா பாதி ஃப்ரேமை மறைக்கிறாள், ஆல்பத்தில் நடுப்பக்கம் இரண்டும் காலி என்றார். வைகாசிக் கல்யாணத்துப் பாப்பா வெள்ளை ஃப்ராக்கில் கிரீடத்தோடு பூத்தூவுகிற படம் தன்னிடம் கைவசம் இருப்பதாகவும், முகத்தை மட்டும் மாற்றி அந்த இடத்தில் போட்டுத் தருவதாகவும், அதற்குக் கூடுதலாக மூவாயிரம் ஆகும் என்றும் சொல்லியிருக்கிறார். அழுத முகமா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாராம். அதற்குத் தனி ரேட், சரிசெய்துவிடலாம் என்றாராம். இரண்டாயிரத்துக்கு முடியுமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.